சுவரை அளந்தேன், பிள்ளைகளை அளக்கவில்லை: பள்ளி நூலகத்தைப் புதுப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் காரிமங்கலம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றிருந்தபோது, நூலகப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருந்த இளம் ஆசிரியர் ஒருவர், முன்னாள் மாணவர்கள் தந்த நன்கொடையைக் கொண்டு அறையை எப்படி மாற்றப் போகிறார் என்பதை வரைபடமாகவே போட்டு என்னிடம் காட்டினார். மூன்று சுவர்களிலும் கூரைக்குச் சற்றுக் கீழ்வரை கடப்பாக் கல் அடுக்குகள், அவற்றுக்குக் கண்ணாடிக் கதவுகள், நடுவில் நீண்ட மேசை, மூலையில் ஒரு கணினி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பாலக்கோடு வட்டத்துப் பள்ளி ஒன்றில் நான் போட்ட வரைபடமும் ஏறக்குறைய இதுதான். கரையானுக்கு மருந்தடிக்க வேண்டும், ஒழுகும் மூலையில் புத்தகம் வைக்கக் கூடாது என்பனவெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

புத்தகத்தைப் பார்க்காமல் அடுக்கு கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. கடப்பாக் கல்லைக் கரையான் அரிக்காது, மரத்தைவிடச் செலவு குறைவு, எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதிக்குக் கண்ணாடிக் கதவு நல்லது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கொத்தனார் சுவரை அளந்து, ஏழடி உயரத்துக்கு ஆறு அடுக்குகள் வரும் என்றார். நானும் சரி என்றேன். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கை எந்த உயரம்வரை எட்டும் என்று எங்கள் இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை. மேலிரண்டு அடுக்குகள் ஆசிரியர்களுக்கு மட்டுமே பயன்பட்டன என்பது வேலை முடிந்த பிறகுதான் உறைத்தது.

உயரமாவது கண்ணுக்குத் தெரிந்த தவறு. தெரியாமல் போனது வேறொன்று. பள்ளி நூலகங்களில் உள்ள தமிழ்ச் சிறுவர் நூல்களில் பெரும்பாலானவை பதினாறு, இருபத்து நான்கு, முப்பத்திரண்டு பக்கங்கள் கொண்டு, நடுவில் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகு கிடையாது. முதுகு இல்லாததால் அதில் தலைப்பும் கிடையாது. அத்தகைய அறுநூறு புத்தகங்களை நிமிர்த்தி அடுக்கினால் கண்ணுக்குப் படுவது வெளுத்த தாள் விளிம்புகள் மட்டுமே. பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் வந்து, தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று ஆசிரியர் அறையில் நானே பல முறை சொல்லியிருக்கிறேன்.

உண்மை தெரிந்தது தற்செயலாகத்தான். கதவுகளுக்குச் சாயம் அடிப்பதற்காகப் புத்தகங்களையெல்லாம் எடுத்து வராந்தாவில் பாய் விரித்துப் பரப்பியிருந்தோம். இடைவேளை மணி அடித்ததும், அதுவரை நூலகப் பக்கமே எட்டிப் பார்க்காத ஏழாம் வகுப்புப் பையன்கள் பாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அட்டைப் படம் தெரிந்தது, அவ்வளவுதான். மறுநாளே இரண்டு சன்னல்களுக்கு இடையே நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்புகளால் நாற்பது புத்தகங்களைத் தொங்கவிட்டு, திங்கட்கிழமைதோறும் மாற்றத் தொடங்கினேன். கயிற்றுக்கும் கிளிப்புகளுக்கும் ஆன செலவு 200 ரூபாய்க்கும் குறைவு. கல் அடுக்குக்கு ஆனது 68,000 ரூபாய். சுவரில் பதித்த கல்லைப் பெயர்க்கவும் முடியாது. பெயர்த்தால் சுவரும் சேர்ந்து வரும் என்று அதே கொத்தனார் சொன்னார். பின்னாளில் அரசின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்துத் தந்த சிறு நூல்களும் மெல்லியவையே என்பதால், அவை நேராகக் கயிற்றுக்கே போயின.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. நூலக அறிவியல் சான்றிதழ்த் தேர்வில் அந்த விதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான், அறுநூறு நூல்களை அவற்றின் வாசகரின் கண்ணுக்குத் தெரியாமல் அடுக்கி வைத்தேன்.

ஆகையால் புதிதாகத் தொடங்குபவர்கள் கொத்தனாரையும் தச்சரையும் அழைப்பதற்கு முன்பு இரண்டு வாரம் புத்தகங்களைப் பாயில் பரப்பி வைத்துவிட்டு, பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஒருவர்கூட மேசைக்குப் போகவில்லை. சன்னலுக்குக் கீழும் வராந்தாப் படியிலும்தான் உட்கார்ந்தார்கள். நான்கடிக்கு மேல் போகாத, இழுத்து நகர்த்தக்கூடிய தாங்கிகள் போதும். கல்லில் கட்டினால் நம் தவறையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

பூட்டு

புத்தகம் தொலைந்தால் பொறுப்பாசிரியர் கையிலிருந்து பணம் கட்ட நேரும் என்ற அச்சம் பொய்யன்று. இருப்புச் சரிபார்ப்பின்போது அதை நானும் அனுபவித்திருக்கிறேன். விலை உயர்ந்த அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் பூட்டி வைத்துக்கொண்டு, மெல்லிய நூல்களைத் திறந்து விடுங்கள். திறந்து வைத்த முதல் ஆண்டில் 31 நூல்கள் காணாமல் போயின. அவற்றுள் ஒன்பது, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த நாளில் பெற்றோர் கைகளில் திரும்பி வந்தன.

நூலகப் பாடவேளை

கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

மாலையில் வருவார்கள் என்று நம்புவது

பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பள்ளி முடிந்தபின் கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்கினேன். மூன்றாவது வாரத்தில் நானும் காவலாளியும் மட்டுமே மிஞ்சினோம். மலையோர ஊர்களுக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். மதிய உணவுக்குப் பிந்தைய இருபது நிமிடமே எங்களுக்குக் கிடைத்த நேரம். அறையின் அமைப்பும் அந்த இருபது நிமிடத்துக்குப் பொருந்துவதாகவே இருக்க வேண்டும்.

வீட்டு மொழியை மறப்பது

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலர். அங்கே பணியாற்றியபோது தமிழும் ஆங்கிலமும் போதும் என்று நினைத்திருந்தேன். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. திறந்த உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கி அச்சிடவும் தடையில்லை. தமிழ்ப் படியையும் கன்னடப் படியையும் அருகருகே வைத்து ஒரு பெண் தன் பாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டு வந்து சொன்னபோதுதான், அந்த அறையில் என்ன குறைந்திருந்தது என்று புரிந்தது.

இணைய நூலகம் என்ற பெயரில் இணைப்புகளைக் குவிப்பது

வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாலையில் அறுபது இணைப்புகளை அனுப்பிவிட்டு, மின்னூலகம் அமைத்துவிட்டதாக எண்ணியவன் நான். வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசி அப்பாவிடம் இருக்கிறது. அவர் ஓசூரில் இரவுப் பணி முடித்து விடியற்காலையில்தான் வீடு திரும்புகிறார். அஞ்செட்டி மலைப் பக்கமோ கைப்பேசி இருந்தாலும் சிக்னல் கிடைப்பது அரிது. எனவே பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் மாதம் பத்து நூல்களை இறக்கி வைத்து, இணைப்பு இல்லாமலே திறக்கும்படி செய்வது மேல்.

புது நூல்களை முழுமையாகப் படமெடுத்துக் குழுவில் போடுவதும் தவறு. நம் நாட்டில் பதிப்புரிமை, ஆசிரியர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமாக உள்ளன, அவற்றிலிருந்து எடுங்கள்.

எழுத்துரு

நூல் பட்டியலை ஒருங்குறியில் (யூனிகோட்) மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். பழைய வானவில் எழுத்துருவில் நான் அடித்து வைத்த 1,800 தலைப்புகள், இணையத்தில் ஏற்றியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறின. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டிருந்தது. எனக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை. கோடை விடுமுறை முழுவதும் அதிலேயே போயிற்று.

திறப்பு விழா

விருந்தினர் வரும்வரை தொடக் கூடாது என்று சொல்லி, புது நூலகத்தை நான்கு நாள் பூட்டி வைத்திருந்தோம். ரிப்பன் வெட்டி முடிந்த பிறகும், தொடலாம் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை.