வசனத்தை ராகத்தோட பாடமாக்காதேங்கோ: நடிப்புப் பழகிற பிள்ளையளுக்கு

போன கிழமை புதுசா நடிப்புப் பழக வந்த பிள்ளையளோட இருந்தனான். ஒரு பிள்ளை தன்ர வசனத்துக்கு மட்டும் மஞ்சள் மார்க்கர் அடிச்சு வச்சிருந்தா, மற்றவையின்ர வசனம் எல்லாம் வெறுமையாக் கிடக்கு. பாத்த உடன எனக்கு 20 வருசத்துக்கு முந்தின என்ர ஸ்கிரிப்ட் ஞாபகம் வந்திட்டுது, அதுவும் இப்பிடித்தான் இருந்தது, கலர் மட்டும் பச்சை. அதாலதான் இதை எழுதுறன். நேரத்துக்கு வாங்கோ, போனை நிப்பாட்டுங்கோ, சபைக்கு முதுகு காட்டாதேங்கோ எண்டதெல்லாம் உங்களுக்கு எல்லாரும் சொல்லுவினம், நான் அதை விடுறன், மற்றப் பிழையளைத்தான் ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

ராகத்தோட பாடமாக்கிறது

வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டு, இந்தச் சொல்லில குரலை ஏத்துறது, இதில மூச்சு விடுறது, இதில கண்ணை விரிக்கிறது எண்டு வரிக்கு வரி முடிவு பண்ணி, அந்த ராகத்தோடயே பாடமாக்கிறது. நூறு தரம் சொன்னாப் பிறகு அது நாக்கில ஒட்டிப்போடும், பிறகு எந்த டைரக்டர் வந்து சுரண்டினாலும் போகாது.

அந்தப் பிள்ளையோட நடிச்ச பெடியனிட்டக் காதுக்குள்ள சொன்னன், "சாப்பிட்டியோ எண்டு கேக்கிற இடத்தில அப்பா எங்க எண்டு கேள்" எண்டு. அவன் அப்பிடியே கேட்டான். அவ வடிவாச் சிரிச்சுக்கொண்டு "ஓம், இப்பதான் சாப்பிட்டனான்" எண்டா. கேள்வி மாறினதே அவவுக்குத் தெரியேல்ல. மற்றப் பிள்ளையள் சிரிச்சவை, எனக்குச் சிரிப்பு வரேல்ல.

ஏனெண்டால் எனக்கு இதே பிழை ஒரு படத்தைப் பறிச்சது. கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில ஷூட்டிங், நான் மகன், காணியை வித்துப்போட்டன் எண்டு அம்மா சொல்லுற காட்சி. அம்மா அழுதுதான் சொல்லுவா எண்டு நானா நினைச்சு, அந்த அழுகைக்கு மறுமொழியா ஒரு கத்தலை ரெண்டு கிழமை கண்ணாடிக்கு முன்னால பழகிக்கொண்டு போனன். அம்மாவா நடிச்சவ கன வருசம் மேடையில நிண்ட மனிசி. அவ அழேல்ல, உலையில அரிசி போட்டுக்கொண்டு, என்னைப் பாக்காமல், "வித்துப்போட்டன் தம்பி" எண்டு மெல்லமாச் சொன்னா. அந்தக் குரலுக்கு ஆராலயும் கத்த ஏலாது. நான் கத்தினன். டைரக்டர் நிப்பாட்டி, அவ சொல்லுறதைக் கேட்டுப்போட்டுச் சொல்லு எண்டார். திருப்பியும் அதே கத்தல், அதே இடத்தில அதே மூச்சு. எத்தினை ரேக் எடுத்தும் மாறேல்ல, வெளிச்சம் போகுது, எல்லாரும் களைச்சுப்போச்சினம். கடைசியில படத்தில என்ர முகம் இல்லை, என்ர பிடரிதான் இருக்கு, அதுக்கு மேலால அந்த அம்மாவின்ர முகம். அவ அவ்வளவு தந்தும் நான் ஒண்டையும் வாங்கேல்ல எண்டது இண்டைக்கும் மனசுக்குள்ள நிக்குது.

இது எங்கட பிள்ளையளிட்ட ஏன் கூட எண்டதுக்கு என்னட்ட ஒரு விளக்கம் இருக்கு. கூத்தில, அதைப் பழக்கிற அண்ணாவியார் பாடிக் காட்டுவார், நாங்கள் அந்த மெட்டையும் ஆட்டத்தையும் அப்பிடியே வாங்குவம், அங்க அதுதான் சரி. யாழ்ப்பாணத்து இசை நாடக நடிகர் நடிகமணி வைரமுத்துவின்ர மயான காண்டத்தை, அந்த அரிச்சந்திரன் நாடகத்தைப் பாக்கப் போன சனத்துக்குக் கதையும் தெரியும், பாட்டும் தெரியும், பாட்டைக் கேக்கத்தான் போனவை. அந்த அரங்கில மெட்டு உயிர். வீட்டுக் குசினிக்குள்ள நடக்கிற ஒரு காட்சிக்கு அதே பழக்கத்தைக் கொண்டுவந்தால்தான் பிரச்சினை.

ஏ.எல்.லுக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்த பிள்ளையளைக் கேட்டால் ரஷ்ய நாடக நெறியாளர் ஸ்டனிஸ்லவ்ஸ்கி மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கினது 1898 எண்டு டக்கெண்டு சொல்லுவினம். அவர் நடிகனைக் கேக்கச் சொன்ன கேள்வி, "இந்த நிலைமையில நான் இருந்தால் என்ன செய்வன்" எண்டது, ஆனால் அதைத் தங்கட வசனத்தில வச்சுக் கேட்டுப் பாக்கமாட்டினம்.

சரி, எப்பிடிப் பாடமாக்கிறது? மற்றவரின்ர வசனத்தை முதல்ல படியுங்கோ, அவர் என்ன சொன்னதால நான் வாயைத் திறக்கிறன் எண்டு பாருங்கோ. பிறகு உங்கட வசனத்தைப் புள்ளி, கொமா ஒண்டும் இல்லாமல் கையால எழுதுங்கோ. முத்தம் கூட்டேக்க, வெங்காயம் உரிக்கேக்க, சந்தை விலை சொல்லுற மாதிரிச் சப்பெண்டு சொல்லிப் பழகுங்கோ, கண்ணாடிப் பக்கம் போகாதேங்கோ. சொல் மட்டும் உங்களிட்ட இருக்கட்டும், எப்பிடிச் சொல்லுறது எண்டது எதிரில நிக்கிறவரிட்ட இருந்து வரட்டும்.

அமெரிக்காவில நடிப்புப் படிப்பிச்ச மைஸ்னரின்ர ஒரு பயிற்சி இதுக்கு நல்ல மருந்து. ரெண்டு பேர் எதிர் எதிரா இருந்து, ஒருவர் கண்ணால கண்டதைச் சொல்லவேணும், "நீ நீலச் சட்டை போட்டிருக்கிறாய்". மற்றவர் "நான் நீலச் சட்டை போட்டிருக்கிறன்". திருப்பித் திருப்பி அதே வசனம்தான், குரலை வேணுமெண்டு மாத்தக் கூடாது. முதல்ல விசர் வேலை மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில எதிரில இருக்கிறவரின்ர முகத்தில ஏதோ ஒண்டு மாறும், அதோட உங்கட குரலும் தன்பாட்டில மாறும். அந்த இடத்தைப் பிடியுங்கோ.

தொண்டையால கத்துறது

வயித்தில மூச்சு எடுக்கப் பழகுங்கோ. தொண்டை கட்டினால் அடுத்த நாள் ஷோ இல்லை.

படத்துத் தமிழ்

யாழ்ப்பாணத்து அம்மா இந்தியப் படத்தில வாற மாதிரி "பண்ணிட்டு இருக்கேன்" எண்டு சொல்லமாட்டா.

கண்ணீர் வரவைக்கிறது

சபை அழட்டும். நீங்கள் அழாமல் இருக்கப் பாருங்கோ.

மேடை அளவைக் கமராவுக்குக் கொண்டுபோறது

யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில கடைசி வரிசைக்கு விளங்க நீங்கள் தூக்கின புருவம், குளோசப்பில பயங்கரமாத் தெரியும். முகத்தால விளங்கப்படுத்தாமல் நினைச்சால் காணும், லென்ஸ் எடுத்துப்போடும். இன்னொண்டு, உங்கட குளோசப் எடுக்கேக்க எதிரில நடிச்சவர் சில நேரம் நிக்கமாட்டார், உதவி டைரக்டர் ஒருவர் வசனத்தைச் சும்மா வாசிப்பார், இல்லாட்டி அவர் நிக்கிற இடத்தில ஒட்டின ஒரு ரேப் துண்டைப் பாக்கச் சொல்லுவினம். முதல்ல ரெண்டு பேரையும் சேத்து எடுத்த அகலமான ஷொட்டில அவர் சொன்னதை அப்ப நீங்கள் உண்மையாக் கேட்டிருந்தால்தான் இப்ப அந்தக் குரல் காதுக்குள்ள இருக்கும்.

கைக்கு மட்டும் வேற சட்டம். எந்தச் சொல்லில தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினனீங்கள், எந்தக் கையால எண்டது ஒவ்வொரு ரேக்கிலயும் ஒரே மாதிரி இருக்கவேணும், இல்லாட்டி எடிட்டிங்கில ஒட்டாது. அந்தச் சொல்லுக்குக் கீழ பென்சிலால ஒரு கோடு போட்டு வையுங்கோ, ஷூட்டிங் இடத்தில டைரக்டர் மாத்தினால் அழிக்க வேண்டி வரும்.