பழைய காரில் ஏசி காற்று திசை மாறாத கோளாறு: என் அனுபவம்

என் பழைய காரில் ஏசியைப் போட்டாலும் ஹீட்டரைப் போட்டாலும், நெம்புகோலை எந்தப் பக்கம் தள்ளினாலும், காற்று முன்கண்ணாடியின் அடியிலிருந்து மட்டுமே வந்தது. புளோயரும் கம்ப்ரசரும் ஒழுங்காக ஓடியதால், காற்றைத் திருப்பிவிடும் கதவுகளின் மீதுதான் சந்தேகம் விழுந்தது.

இத்தகைய கார்கள் பலவற்றில் அக்கதவுகளை அசைப்பது மோட்டார் அன்று. எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் மெல்லிய குழாய்கள் வழியே வந்து, ரப்பர் சவ்வு கொண்ட சிறு டப்பாக்களை இயக்குகிறது. வெற்றிடம் கசிந்தால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். நீராவி படிந்து பார்வை மறையக்கூடாதென்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கோடையில்தான் அதன் அருமை புரிவதில்லை.

கையால் இயக்கும் வெற்றிடப் பம்பை ஒவ்வொரு டப்பாவிலும் பொருத்தி, 15 அங்குலப் பாதரச அளவுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பம்பின் அளவுமானி முள் நிற்காமல் மெல்ல இறங்கியது; சவ்வின் மடிப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு. அதை மாற்றிய பின்னரும், மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது காற்று கண்ணாடிக்குத் தாவியது. அழுத்தும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் குறைவது இயல்பே. அந்நேரத்தில் கைகொடுக்க வெற்றிடத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு தொட்டி உண்டு; அதன் வெற்றிடம் இழக்கப்படாமல் காப்பது ஒருவழி வால்வு. கழற்றி ஊதிப் பார்த்தால், இரு திசையிலும் காற்று தாராளமாகப் போயிற்று. புதிய வால்வைத் திசை பார்த்துப் பொருத்தி, இறுகிப்போன குழாய் முனைகளையும் வெட்டிச் செருகிய பின், மேட்டிலும் காற்று முகத்துக்கே வருகிறது.