ஜிசி-எம்எஸ் நிறமாலையை வைத்து ஒரு மூலக்கூறில் எத்தனை கார்பன் என்று எண்ணுவது எப்படி?

கரிமச் சேர்மத்தைத் தாமிர ஆக்சைடுடன் சூடாக்கி, வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டால் நீர் பால்போல் கலங்கும். கார்பன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எத்தனை கார்பன் என்று தெரியாது. அதை ஜிசி-எம்எஸ் சொல்லும்: கலவையை வாயுநிலையில் பிரித்து, மூலக்கூறுகளை அயனியாக்கி நிறை அளக்கும் கருவி. எந்த நிறையில் எவ்வளவு அயனி என்று அது வரையும் படமே நிறமாலை. நாஃப்தலீன் அந்துருண்டையை வைத்துச் செய்து பார்ப்போம்.

அடிப்படை இதுதான்: இயற்கையில் கிடைக்கும் கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13. மூலக்கூறில் கார்பன் கூடக் கூட, அதில் ஒன்று கார்பன்-13 ஆக இருக்கும் வாய்ப்பும் கூடும். மூலக்கூறு அயனிக்கு (உடையாத முழு மூலக்கூறின் அயனி) ஓர் அலகு மேலே தெரியும் சின்ன பீக், எம்+1, அந்த வாய்ப்பின் அளவு.

படி 1: கரைசல்

துணுக்கு அளவு உருண்டையை ஹெக்சேனில் கரைத்து, லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்யுங்கள். டைகுளோரோமீத்தேனிலும் கரையும். ஆனால் ஹெக்சேனே எனக்குப் பிடித்தது, பின்னணியில் குளோரின் தலைவலி இருக்காது.

படி 2: ஓட்டம்

டிபி-5 வகை 30 மீட்டர் காலம் (column, கலவையைப் பிரிக்கும் மெல்லிய நீண்ட குழாய்), ஹீலியம் நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர், இன்ஜெக்டர் 250 டிகிரி. குழாய் இருக்கும் சூடேற்றும் அறையை (oven) 60 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்கு 10 டிகிரி ஏற்றுங்கள். அயனியாக்கும் ஆற்றல் 70 எலெக்ட்ரான் வோல்ட், நிறை ஸ்கேன் 50 முதல் 300 வரை. கரைப்பான் வெளியேறும்வரை ஃபிலமென்ட் (அயனியாக்க எலெக்ட்ரான் தரும் இழை) அணைந்திருக்கட்டும்.

படி 3: விகிதம்

நாஃப்தலீன் பீக்கைத் திறந்தால் அதன் மூலக்கூறு அயனியான 128 ஓங்கி நிற்கும், பக்கத்தில் 129. பீக்குக்குச் சற்று முன்னால் உள்ள பின்னணியைக் கழித்துவிட்டு, 129-இன் அளவை 128-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 10.8-ஐ ஒட்டி வரவேண்டும். அதை ஒரு கார்பனின் பங்கான 1.08-ஆல் வகுத்தால் 10. பத்துக் கார்பன்!

எல்லோரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். எனக்கும் இந்த இடம்தான் வெகுநேரம் பிடிபடவில்லை. விகிதம் 15 என்று வந்து, கணக்கு 14 கார்பன் காட்டும். சூத்திரத்தில் தவறில்லை. மாதிரி அடர்த்தியாக இருந்தால் 128 டிடெக்டரின் உச்சவரம்பில் முட்டி நின்றுவிடுகிறது, 129 மட்டும் தொடர்ந்து வளர்கிறது. 128 அயனியை மட்டும் தனியே வரைந்து பாருங்கள். தலை தட்டையாக இருந்தால் அந்தத் தரவை நம்பாதீர்கள். கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு செறிவிலும் விகிதம் ஒன்றாக இருந்தால்தான் நான் அந்த எண்ணை எழுதிக்கொள்வேன். மிகவும் நீர்த்துப்போனாலும் ஆபத்து: திரெஷோல்டு அளவுக்கு (கருவி பதிவுசெய்யும் குறைந்தபட்ச அளவு) கீழே போய் 129 காணாமலே போகும். திரெஷோல்டைக் குறைத்தே வையுங்கள்.

அச்சிட்ட படத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம், எண் பட்டியலையே எடுங்கள். கருவியோடு வந்த மென்பொருள் கைவசம் இல்லையென்றால் இலவசமான ஓபன்குரோம் போதும்.

லைப்ரரி பொருத்தத்தை (சேமித்த நிறமாலைகளோடு ஒப்பிட்டு மென்பொருள் சொல்லும் பெயரை) மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை. அசுலீனுக்கும் பத்துக் கார்பன், எட்டு ஹைட்ரஜன். நிறமாலையும் ஏறக்குறைய நாஃப்தலீனுடையதே. இரண்டையும் பிரித்துக் காட்டுவது குழாயிலிருந்து வெளிவரும் நேரம்தான். அதனால் தூய நாஃப்தலீனையும் ஒருமுறை ஓட்டி நேரத்தை ஒப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: 128-ஏ வரவில்லை, 146, 148, 150 வருகின்றன என்று சிலர் எழுதியிருந்தார்கள். உங்கள் உருண்டை பாரா-டைகுளோரோபென்சீன். அந்த மூன்று பீக்குகளும் ஏறக்குறைய 9:6:1 விகிதத்தில் இருப்பது இரண்டு குளோரினின் அடையாளம். 147-ஐ 146-ஆல் வகுத்தால் 6.5 சதவீதம் வரும், ஆறு கார்பன்.

இன்னொருவருக்குக் காஃபீனில் ஒன்பது கார்பன் வந்திருக்கிறது. உண்மையில் எட்டுதான். நைட்ரஜன் ஒவ்வொன்றும் எம்+1-இல் 0.37 சதவீதம் சேர்க்கும். காஃபீனில் நான்கு நைட்ரஜன். 10.1-இலிருந்து 1.5-ஐக் கழித்துவிட்டு வகுத்தால் எட்டு வந்துவிடும். கந்தகம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.8 கழியுங்கள்.

பெரிய மூலக்கூறுகளில் கவனம் தேவை. விகிதத்தில் 5 சதவீதப் பிழை பத்துக் கார்பனில் அரை கார்பன்தான், இருபது கார்பனில் முழுதாக ஒன்று. பல ஆல்கஹால்களில் மூலக்கூறு அயனியே கண்ணில் படாது, அங்கே இந்த வழி உதவாது.