கண்காட்சிக்குப் போர்வையைச் சுமந்துகொண்டு போகாதீர்கள்

துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் குவில்ட் போர்வைகளுக்கு பேட்டர்ன் போடுவது என் வேலை. கிருஷ்ணகிரியில் வாசலுக்கு வாசல் விழும் கோலங்கள்தான் என் டிசைன்களுக்கு மூலம். முதன்முதலாக வடக்கே ஒரு வணிகக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்தபோது, இரட்டைக் கட்டில் அளவில் நான்கு போர்வைகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ஓசூர் வரை பஸ்ஸில் அந்தப் பெட்டியோடு பட்ட பாடு இன்னும் தோளில் இருக்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் போர்வையைத் தடவிப் பார்த்தார்கள். "மாதம் எத்தனை பீஸ் அனுப்புவீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். நான் விற்கப் போனதோ பேட்டர்ன் தாள்; துணியை எப்படி வெட்டி எப்படித் தைப்பது என்று சொல்லும் தாள். அது பெட்டியின் அடியில் கிடந்தது! 24 அங்குலத்தில் ஒரு மாதிரி போதும். தாள்தான் முன்னால் இருக்க வேண்டும்.

எந்தக் கண்காட்சி என்பதையும் பார்க்க வேண்டும். கிரேட்டர் நொய்டாவில் நடக்கும் கைவினைப் பொருள் கண்காட்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தைத்து முடித்த சரக்கைத் தேடுகிறவர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடக்கும் குவில்ட் மார்க்கெட் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும். பொதுமக்கள் வருவது குவில்ட் ஃபெஸ்டிவலுக்கு. நம் பேட்டர்னை யார் வாங்குவார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு ஸ்டாலுக்குப் பணம் கட்டுங்கள்.

அடுத்த தவறு, தைத்துப் பார்க்காத தாளோடு போவது. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. குவில்டில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். நம் ஊர் டெய்லர்கள் ஜாக்கெட்டுக்குப் பழகிய கையால் அரை அங்குலம் விட்டுவிடுவார்கள். இரண்டரை அங்குலத்துக்கு வெட்டிய துண்டு, இரண்டு பக்கமும் கால் அங்குல ஓரத்தில் தைத்தால் இரண்டு அங்குலமாக நிற்கும். அரை அங்குலம் விட்டால் ஒன்றரைதான். ஒரு வரிசைக்கு இருபது துண்டு என்றால், 40 அங்குலம் வர வேண்டிய போர்வை 30-க்குச் சுருங்கிவிடும். கோலத்தின் மூலை மூலையோடு சேராது. பழையபேட்டையில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் தாளை மட்டும் கொடுப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அவர் எந்த இடத்தில் கையை நிறுத்துகிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுவேன். அப்புறம்தான் அச்சுக்கு.

பதிவு செய்யாமல் புது டிசைனை ஸ்டாலில் மாட்டுவதும் தவறு. 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி, ஏற்கெனவே வெளியே காட்டிய டிசைனுக்குப் பொதுவாகப் பதிவு கிடைக்காது. பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு உண்டு. பதிவாகாத டிசைனை இயந்திரத்தில் 50 தடவைக்கு மேல் பொருளாகச் செய்துவிட்டால், அதன் பதிப்புரிமையும் (காப்பிரைட்) போய்விடும். பாட்டி காலத்துக் கோலத்துக்கு நாம் உரிமை கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அதை நாம் புதிதாக மாற்றி அமைத்த விதம்தான் நம்முடையது. நம் டிசைனை இப்படிக் காக்கிற நாம், அடுத்தவர் ஸ்டாலில் கேட்காமல் போட்டோ எடுக்கலாமா?

விலை விஷயம் சுருக்கமாக. கடைக்காரர் சில்லறை விலையில் ஏறக்குறைய பாதிக்குத்தான் எடுப்பார். வீட்டிலேயே கணக்குப் போட்டு, அந்தப் பாதியிலும் அச்சுக் கூலி போக மிச்சம் நிற்கிற மாதிரி விலை வையுங்கள். ஸ்டாலில் நின்று கணக்குப் போட்டால் கை தானாகக் குறைக்கும்.

விசிட்டிங் கார்டுகளை வாங்கி அப்படியே பையில் போடாதீர்கள். ஆள் நகர்ந்ததும் பின்பக்கத்தில் எழுதுங்கள்: "மாங்காய் பேட்டர்ன், அளவு சென்டிமீட்டரில் வேண்டும்." அன்று ராத்திரியே அறையில் உட்கார்ந்து, அவர் கேட்டதை மட்டும் அனுப்பிவிடுங்கள்.