பிள்ளைகள் மத்தியில் குடும்பமாகக் குறுகிய கால ஊழியம்: வெளிநாடு புறப்படுமுன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் எடுப்பது விமான டிக்கெட். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, பெற்றோரின் அலுவலக லீவு, கட்டணம் குறையும் தேதி மூன்றும் ஒத்துவந்தால் பயணம் முடிவாகிவிடுகிறது. அழைத்த சபைக்குத் தேதி பிறகுதான் தெரிகிறது. அங்கே அது தேர்வு நேரமாக இருக்கலாம், அறுவடைக் காலமாக இருக்கலாம், மழையில் சாலை துண்டிக்கப்படும் மாதமாகவும் இருக்கலாம். விருந்தாளியிடம் மறுப்புச் சொல்லக் கூசும் போதகர் "வாருங்கள்" என்றுதான் எழுதுவார். பிறகு தன் வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டு வண்டி, தங்குமிடம், மொழிபெயர்ப்பு, சாப்பாடு என்று வாரம் முழுக்க உங்களுக்காக ஓடுவார்.

தேதி பேசுமுன் உள்ளூர் சபையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாங்கள் வராமல் போனால் இந்த ஆண்டு உங்கள் பிள்ளைகள் ஊழியத்தில் எது நின்றுபோகும்? பதிலில் குறிப்பாக ஏதாவது இருந்தால், உதாரணமாக "எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஆறு பேருக்குக் கதை சொல்லப் பயிற்சி வேண்டும்" என்றால், பயணத்துக்கு வேலை இருக்கிறது. "நீங்கள் வந்தால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்" என்பது மட்டுமே பதில் என்றால், டிக்கெட் பணத்தை அந்த ஊழியத்துக்கே அனுப்பிவிடுவது நல்லது. ஏழெட்டு நாளில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அந்த நாட்களில் நடந்ததற்கெல்லாம் பிறகு பதில் சொல்லப்போவது அந்தச் சபைதான். கீழே வரும் தவறுகள் அநேகமாக எல்லாமே இதை மறந்துபோவதால் வருபவை.

விசாவும் காகிதங்களும்

சுற்றுலா விசாவில் போய் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்திவிட்டுத் திரும்புவது பரவலான பழக்கம். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் மதப் பிரசங்கத்துக்கும் தன்னார்வப் பணிக்கும் அனுமதி இல்லை. சில நாடுகளில் மதமாற்றமே குற்றம். நேபாளத்தின் 2017ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம், 158ஆம் பிரிவு, ஒருவரை மதம் மாற்றுவதற்கும் மாறத் தூண்டுவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்தப்படுவார். விருந்தாளிகள் எப்படியோ ஊர் திரும்பிவிட்டாலும் வழக்கும் விசாரணையும் உள்ளூர் போதகரின் வாசலில் வந்து நிற்கும். எனவே எந்த வகை விசா, என்னென்ன செய்யலாம் என்பதைத் தூதரகத்திடமும் அழைக்கும் சபையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். குடியேற்ற அதிகாரி கேட்டால் இன்னதைச் சொல்லாதே என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அந்தப் பயணத் திட்டத்திலேயே கோளாறு இருக்கிறது.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. சிறுவர் பாஸ்போர்ட்டுக்குப் பல நாடுகளில் பெரியவர்களுடையதைவிடக் காலம் குறைவு. வீட்டில் எல்லோருடையதும் ஒரே நாளில் எடுத்ததுதானே என்று இருந்துவிட்டால் விமான நிலையத்தில்தான் தெரியவரும். தாய் அல்லது தந்தை ஒருவர் மட்டும் பிள்ளையோடு பயணம் செய்தால், மற்றவரின் சம்மதக் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும்; பிறப்புச் சான்றிதழ் நகலும் கூடவே இருக்கட்டும். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

அநாதை இல்லத்துக்கு ஒரு வாரம்

நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகளில் அதிகச் சேதம் செய்வது இதுதான். அநாதை இல்லங்கள் என்று பெயர் போட்ட இடங்களில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலானவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமையாலோ, "பள்ளிக்கு அனுப்புகிறோம்" என்ற வாக்குறுதியை நம்பியோ வீட்டார் அவர்களை அனுப்பியிருப்பார்கள். வெளிநாட்டு விருந்தினரும் அவர்கள் தரும் காணிக்கையும் ஓர் இல்லத்தின் வருமானமாகிவிட்டால், அறைகளை நிரப்பப் பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவருவது தொழிலாகிவிடுகிறது. ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் குழந்தை உரிமைகள் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவால் விளையும் தீங்கும் இடம்பெற்றது.

நேர்மையாக நடக்கும் இல்லங்களிலும் சிக்கல் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு குழு வந்து கொஞ்சி, மடியில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே விடைபெற்றுப் போனால், ஒட்டுவதும் பிரிவதும் அந்தப் பிள்ளைக்கு வாடிக்கையாகிவிடும். முன்பின் தெரியாதவரிடம் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து "என்ன பாசம்!" என்று உருகுகிறோம், நிலையான பராமரிப்பாளர் இல்லாமல் வளர்ந்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். இல்லத்துக்கு உதவத்தான் வேண்டும் என்றால், பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தை அங்கேயே நிரந்தரமாக வேலை செய்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். கூரை பழுது, கணக்குப் பதிவு, பணியாளர் பயிற்சி போன்றவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து நடந்து வந்து, மாலையில் வீட்டுக்கே திரும்பும் சபை, பள்ளி, விளையாட்டு முகாம் போன்றவை குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னும் பொருத்தம்.

"நாம் குடும்பம்தானே" என்ற நினைப்பு

குழந்தைப் பாதுகாப்பு விதிகள் தனியாள் தன்னார்வலர்களுக்குத்தான், குடும்பத்துக்கு எதற்கு என்று பல சபைகள் விட்டுவிடுகின்றன. கூடாது. 18 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் காவல்துறை நற்சான்று வாங்க வேண்டும், நடத்தை விதிகளில் கையெழுத்திட வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மறைவான இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்களாவது வேண்டும். கணவனும் மனைவியும் மட்டும் இருந்தால் அதை இரண்டு பேர் என்று கணக்கிடாமல், உள்ளூர் ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போவது உள்ளூர் பெண் ஆசிரியர்களின் பொறுப்பாக இருக்கட்டும்.

எண்ணிக்கையைப் பற்றி: பிரிட்டனின் என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. 60 பிள்ளைகள் என்றால் எட்டு முதல் பத்துப் பெரியவர்கள். மொழிபெயர்ப்பாளரையும் உங்கள் 15 வயது மகனையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாசலிலேயே பெயர், வயது, வீட்டாரின் தொலைபேசி எண், ஒவ்வாமை நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் வந்து அழைத்துப் போனார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் யாரிடம் தெரிவிப்பது என்பது, அந்த நாட்டுச் சட்டப்படி, புறப்படுமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். இரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

மேடையில் நடப்பவை

மொழிபெயர்ப்பு உங்கள் நேரத்தில் பாதியைத் தின்றுவிடும். 20 நிமிடக் கதை என்றால் நீங்கள் பேசக் கிடைப்பது 10 நிமிடம். சிலேடை, எதுகை, உங்கள் நாட்டு டிவி நிகழ்ச்சி எல்லாவற்றையும் வெட்டுங்கள். எழுதிய பிரதியை இரண்டு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பி, ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்திப் பழகுங்கள். மனப்பாட வசனத்தை உங்கள் மொழியிலிருந்து பெயர்க்கச் சொல்லாமல், அவர்கள் வேதாகமத்தில் இருக்கிறபடியே எடுங்கள். இதைவிட நல்லது, உள்ளூர் ஆசிரியரே கதை சொல்ல, நீங்கள் பின்னால் உட்கார்ந்து கதைப் படங்களைத் தூக்கிக் காட்டுவது. அடுத்த ஞாயிறு அவர்தான் அங்கே நிற்கப்போகிறார்.

வண்ணங்களைக் காட்டிச் சுவிசேஷம் சொல்லும் முறையைப் பலர் யோசிக்காமல் எடுத்துப்போகிறார்கள். 1866இல் இலண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பக்கங்களை வைத்துப் பிரசங்கித்தார். தங்க நிறமும் பச்சையும் பிறகு சேர்ந்தவை. அதில் கறுப்பு பாவத்தைக் குறிக்கிறது. கறுத்த நிறமுள்ள பிள்ளைகள் கூட்டத்தில், வெளுத்த நிறமுள்ள ஒருவர் கறுப்புப் பக்கத்தைக் காட்டி "இதுதான் உன் இருதயம்" என்றால் அவர்கள் காதில் அது எப்படி விழும்? வெள்ளை துக்கத்தின் நிறமாக இருக்கும் நாடுகளும் உண்டு. நிறம் இல்லாமலேயே கதை சொல்லலாம்.

கைவேலைக்கு 60 பேருக்கு 60 பாக்கெட் என்று கட்டிக்கொண்டு போவது அடுத்த தவறு. வெளிநாட்டார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டாம் நாள் கூட்டம் இரட்டிப்பாகிவிடலாம். பாதிப் பேர் வெறுங்கையோடு நிற்பதைவிட யாருக்கும் தராமலிருப்பது மேல். காகிதம் மடிப்பது, மெழுகு வண்ணம் தீட்டுவது போல், அங்கேயே வாங்கக்கூடிய, எத்தனை பேர் வந்தாலும் நீட்டிக்கொள்ளக்கூடிய வேலையாகத் தேர்ந்தெடுங்கள். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்; பலூனே வேண்டாம். ஒவ்வாமைப் பட்டியலைப் பார்க்காமல் தின்பண்டம் எதுவும் கொடுக்காதீர்கள்.

பிறகு, கைதூக்கும் நேரம். "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று விருந்தாளி கேட்டால் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் உயர்த்துவார்கள். இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறையும் உயர்த்துவார்கள். அந்த எண்ணிக்கையை ஊழிய அறிக்கையில் போடுவது நேர்மையல்ல. பரிசு, சாப்பாடு, மருத்துவ உதவி எதையும் ஜெபத்தோடு இணைக்கக் கூடாது. வேறு மதத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால், இது கிறிஸ்தவ நிகழ்ச்சி என்பது பெற்றோருக்கு முன்பே எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் நடந்தால் அக்கம்பக்கத்தாரின் கோபம் உள்ளூர் சபைமேல்தான் திரும்பும்.

உங்கள் சொந்தப் பிள்ளைகள்

அம்மாவுக்குப் பாட்டு, அப்பாவுக்குக் கதை என்று இருவருமே மேடையேறிவிடுகிறார்கள். ஐந்து வயது மகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எந்த நேரத்திலும் பெற்றோரில் ஒருவர் சொந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொறுப்பு என்று நேர அட்டவணையிலேயே எழுதிவையுங்கள். உடல் புதிய நேரத்துக்குப் பழக, மாறும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் ஒரு நாள் ஆகும். இறங்கிய மறுநாள் காலையே நிகழ்ச்சி வைத்தால் அழுகையும் காய்ச்சலும்தான் மிஞ்சும்.

வேறு நிறத்து முடியைத் தொட்டுப் பார்க்கவும், தூக்கிக்கொள்ளவும் கூட்டம் சூழும். யார் தொட்டாலும் பொறுத்துக்கொள், இது ஊழியம் என்று சொல்லாதீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களிடம் ஓடி வரவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. விரும்பாத பிள்ளையைச் சாட்சி சொல்ல மேடையேற்றுவதும் இதே வகைதான். யார் வீட்டுக்கும் தனியாகப் போகக் கூடாது என்ற விதி போதகர் வீட்டுக்கும் பொருந்தும்.

பரிசும் படமும்

மகன் தன் டேப்லெட்டைப் புது நண்பனுக்குக் கொடுத்துவிட ஆசைப்படுவான். மனது நல்லது; ஆனால் மறுநாள் அந்த நண்பன் அடிபடுவான், அல்லது திருடன் என்று பெயர் வாங்குவான். பொருளோ பணமோ சபையின் வழியாக மட்டும், யார் கொடுத்தது என்று தெரியாமல் போகட்டும். "அடுத்த வருஷம் வருவேன்", "உன்னைப் படிக்கவைக்கிறேன்" என்ற பேச்சே வேண்டாம். நீங்கள் மறந்தாலும் அந்தப் பிள்ளை மறக்காது. சமூக ஊடகத்தில் வரும் நட்பு அழைப்புகளுக்கும் இதே விதிதான். கடிதமோ செய்தியோ உள்ளூர் ஆசிரியர் வழியாகப் போகலாம்.

படம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். முழுப் பெயர், ஊர், பள்ளிச் சீருடை, இருப்பிடக் குறி எதுவும் பதிவில் தெரியக் கூடாது. உங்கள் மகளின் படத்தை அதே நிலையில், அதே வாசகத்தோடு முன்பின் தெரியாத ஒருவர் போட்டால் சம்மதிப்பீர்களா என்று பார்த்தால் பாதிப் படங்கள் தானாகக் கழிந்துவிடும்.

உடல்நலம்

பயண மருத்துவரைப் புறப்படுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடியாகிறது. ஒன்பது மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த ஊசி வழக்கமாகப் போடுவதில்லை என்பதால், கைக்குழந்தை உள்ள குடும்பம் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும். மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவது வழக்கமான தவறு: மெஃப்ளோகுயின், டாக்சிசைக்ளின் இரண்டையும் திரும்பிய பிறகும் நான்கு வாரம் எடுக்க வேண்டும், மெஃப்ளோகுயினைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு டாக்சிசைக்ளின் பொதுவாகத் தருவதில்லை.

நாய் கீறியதைப் பிள்ளைகள் மறைப்பார்கள். திட்டு விழும் என்ற பயம். தினமும் இரவு கை கால்களைப் பாருங்கள். கடியோ கீறலோ இருந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வெறிநாய்க்கடி ஊசிக்கு ஓடுங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக அள்ளிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். காப்பீட்டில் தன்னார்வப் பணி விலக்கப்பட்டிருக்கிறதா, அவசர மருத்துவ விமானச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்த பிள்ளைக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அன்றே மருத்துவரிடம் போய், எந்த நாட்டில் எப்போது இருந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி, இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.