"இன்னும் பத்தாயிரம் ஓடலையே": எஞ்சின் ஆயில் மாற்றுவதில் நாம் செய்யும் தவறுகள்

என் பெரியப்பாவின் கார் ஸ்ரீரங்கத்தில், தெருவோர வேப்பமர நிழலில் நிற்கும். கோயில், காய்கறிக் கடை, மாதம் ஒரு தடவை டாக்டர். அதற்கு மேல் அந்த வண்டிக்கு வேலை இல்லை. போன வருடம் போயிருந்தபோது, "ஆயில் எப்போ மாத்தினீங்க பெரியப்பா?" என்று கேட்டேன். "இன்னும் பத்தாயிரமே ஓடலையேப்பா, அதுக்குள்ள எதுக்கு?" என்றார்.

ஓடியிருந்தது ஆறாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் அந்த ஆறாயிரம் ஓட மூன்றரை வருடம் ஆகியிருந்தது.

பானட்டைத் திறந்து, ஆயில் ஊற்றுகிற இடத்தின் மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் உள்பக்கம் வெண்ணெய் திரண்டதுபோல, மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு படிவம். விரலில் எடுத்துத் தேய்த்தால் ஆயிலின் வழவழப்பு இல்லை, பிசுபிசுத்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்து கடைந்தால் வருவது அது. பெரியப்பா அலட்சியக்காரர் இல்லை. சர்வீஸ் பில், இன்சூரன்ஸ், டயர் வாங்கிய ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் தேதி வாரியாக இருக்கும். அவ்வளவு கவனமானவரே கிலோமீட்டரை மட்டும் கணக்கு வைத்ததால் ஏமாந்துவிட்டார்.

மேனுவலில் இருப்பது ஒரு கணக்கு இல்லை, இரண்டு. மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனில் 15,000 அல்லது ஒரு வருடம். "எது முதலில் வருகிறதோ அது" என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். அந்த வரியைத்தான் முக்கால்வாசிப் பேர் படிப்பதில்லை. 2020இல் ஊரடங்கு வந்து வண்டிகள் மாதக்கணக்கில் நின்றபோது, "ஓடவே இல்லையே, ஆயில் அப்படியேதானே இருக்கும்" என்று பலர் தள்ளிப்போட்டதும் இதனால்தான்.

நிற்கிற வண்டியில், அல்லது கொஞ்சமாக ஓடுகிற வண்டியில் ஆயில் எப்படிக் கெடுகிறது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வாயில் சொட்டுவது அதுதான். பெரும்பகுதி அந்த வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்கும். வண்டி இருபது முப்பது நிமிடம் விடாமல் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இந்த ஈரத்தை ஆவியாக்கிவிடும். மூன்று கிலோமீட்டர் ஓட்டி கோயில் வாசலில் நிறுத்திவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். டெம்பரேச்சர் முள்தான் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்கக் கூடாது. அது காட்டுவது கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை. ஆயில் சூடேற அதற்கு மேலும் நேரம் பிடிக்கும். தங்கிய ஈரம் எரிபொருள் கழிவோடு சேர்ந்து நாளடைவில் அமிலத்தை உண்டாக்கும், எஞ்சினைக் காக்க ஆயிலில் கலந்திருக்கிற ரசாயனங்களைத் தின்றுவிடும், கடைசியில் சேறுபோலப் படியும்.

மூடியில் வெள்ளைப் படிவம் இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு. எஞ்சினின் மேல்பாகத்துக்கு இடையே கூலன்ட் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயிலை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டிராக்டர்காரருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை

டிராக்டர் வைத்திருப்பவரிடம் ஆயில் எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் பதில் வராது. "இருநூத்தம்பது மணி" என்பார். டிராக்டரிலும் ஜேசிபியிலும் மணி மீட்டர் இருக்கிறது. எஞ்சின் எத்தனை மணி நேரம் சுற்றியது என்பதுதான் அங்கே கணக்கு. நின்ற இடத்தில் மண் அள்ளுகிற வண்டிக்குக் கிலோமீட்டரை வைத்து என்ன சொல்ல முடியும்?

கார் எஞ்சினுக்கும் இதே நியாயம்தான். மேனுவல்காரர் சராசரியாக ஒரு வேகத்தை மனதில் வைத்துக் கிலோமீட்டரைச் சொல்கிறார், அவ்வளவே. சென்னையில் ஓஎம்ஆரிலும் கிண்டியிலும் தினம் ஊர்ந்து, சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டராக இருக்கிற ஒரு கார் 10,000 கிலோமீட்டர் ஓட 500 மணி நேரம் ஆகும். திருச்சி ரோட்டில் சராசரி 80இல் போகிற காருக்கு அதே தூரம் 125 மணி நேரம். மீட்டரில் ஒரே எண். எஞ்சின் உழைத்தது நான்கு மடங்கு. போதாததற்கு, கல்யாண மண்டப வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம் மீட்டரில் ஏறுவதே இல்லை.

அதனால்தான் மேனுவலில் இன்னோர் அட்டவணையும் இருக்கும், பெரும்பாலும் சில பக்கங்கள் தள்ளி. கடினமான சூழலில் ஓட்டுகிறவர்களுக்கானது அது. அடிக்கடி குறுகிய தூரம், தூசி, மலைப்பாதை, ஐட்லிங்கில் (எஞ்சின் ஓட, வண்டி ஓடாமல்) நிற்பது, வெயிலில் நெரிசல் என்று பட்டியல் போட்டு, இவற்றுக்குப் பல கார்களில் பாதி அளவு, அதாவது 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று சொல்லியிருக்கும். சில மேனுவல்களில் 32 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள நெரிசல் என்றே குறிப்பிடுகிறார்கள். சென்னை, மதுரை, வேலூர் எல்லாம் மார்ச் முதல் செப்டம்பர் வரை பகலில் அதற்கு மேல்தான். அந்தப் பட்டியலைப் படிக்கிற நம்மில் பாதிப் பேர், "இது நம்மைப் பற்றியது" என்று உணர்வதில்லை. கடினமான சூழல் என்றால் லடாக், பாலைவனம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான் செய்வது ஒன்று சொல்கிறேன். உங்கள் கார் டிஸ்ப்ளேயில் சராசரி வேகம் காட்டும் வசதி இருந்தால், டிரிப் மீட்டரை ஜீரோ செய்துவிட்டு ஒரு மாதம் விட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் 25க்குக் கீழே இருந்தால் பாதி அட்டவணைக்கு மாறிவிடுவது நல்லது. 40க்கு மேல் இருந்தால், கார் நெடுஞ்சாலை வண்டி. முழு அளவு வரை போகலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. "மூவாயிரத்துக்கு ஒரு தடவை மாத்திடணும் சார்" என்று இன்னமும் சொல்கிறவர்கள் உண்டு. அம்பாசடர், ஃபியட் காலத்து எஞ்சினுக்கும் அன்றைய மினரல் ஆயிலுக்கும் சொன்ன கணக்கு அது. இன்றைய வண்டியில் அப்படி மாற்றினால் எஞ்சினுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. காசுதான் வீண், நல்ல ஆயிலும் வீண்.

கறுத்துப் போச்சு என்றால் கெட்டுப் போச்சா?

டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் தொட்டு, "கறுத்துப் போச்சு, மாத்திடலாம்" என்பது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களின் வழக்கம். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆயிலின் வேலைகளில் ஒன்று, எஞ்சினுக்குள் உண்டாகும் கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வது. கறுத்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். சிஎன்ஜி வண்டியில் இதற்கு நேர் எதிர்: கரி குறைவு என்பதால் ஆயில் ரொம்ப நாள் தெளிவாகவே தெரியும், ஆனால் உள்ளுக்குள் சூட்டில் முதிர்ந்து கெட்டியாகிக்கொண்டிருக்கும். தெளிவாக இருக்கிறதே என்று தள்ளிப்போடுகிற சிஎன்ஜிக்காரர்தான் அதிகம் ஏமாறுவார்.

நிறத்தைவிட அளவு நிறைய விஷயம் சொல்லும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். பல கார்களில் அந்தக் குறிகளுக்கு இடைவெளி ஏறக்குறைய ஒரு லிட்டர். குறைந்தால் மட்டும்தான் கவலை என்று நினைப்பதும் தவறு. பிஎஸ் 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் ஆயில் அளவு மேலே ஏறும் சம்பவங்கள் உண்டு. புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசலை விடும். அது முடியும் முன்பே நாம் வண்டியை அணைத்து அணைத்து ஓட்டினால், எரியாத டீசல் ஆயிலில் இறங்கிவிடும். அளவு கூடும், ஆயில் தண்ணீர் மாதிரி இளகும். மேல்குறியைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று அரை லிட்டர் சேர்த்து ஊற்றுவதும் இதே வகை. எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதில் அடித்துச் சுழன்றால் ஆயில் நுரைத்துவிடும். நுரை உராய்வைத் தடுக்காது.

வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்

"நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணி மாதிரி இருக்கிற ஆயில் தாங்காது, 20டபிள்யூ 50 போடுங்க." இதை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வெளியே 40 டிகிரியா 20 டிகிரியா என்பது, சூடேறிய எஞ்சினுக்குள் பெரிய மாற்றம் செய்வதில்லை. தெர்மோஸ்டாட் எஞ்சினைக் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் வைத்திருக்கும். 20டபிள்யூ 50 போன்ற ஆயில் கிரேடில் இரண்டாவது எண் 100 டிகிரியில் அது எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை. 0டபிள்யூ 20 கேட்கிற எஞ்சினில் பாகங்களுக்கு இடையே விட்டிருக்கும் இடமும், ஆயில் போகும் துளைகளும் அந்த ஆயிலுக்காகவே அளந்து வைத்தவை. கெட்டி ஆயில் போட்டால் மைலேஜ் குறையும், ஸ்டார்ட் செய்ததும் மேலே உள்ள பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். மேனுவலில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகள் சொல்லியிருந்தால் அவற்றுள் தேர்ந்தெடுங்கள். வெளியே போகாதீர்கள். டர்போ வண்டி, டிபிஎஃப் உள்ள டீசல், ஆயிலில் நனைந்து ஓடும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் ஆகியவற்றில் கிரேடு மட்டும் போதாது. ஏபிஐ (API), ஏசியா (ACEA) என்று மேனுவல் குறிப்பிடும் தரமும் டப்பாவில் இருக்க வேண்டும்.

முழு சிந்தெடிக் போட்டால் இரண்டு மடங்கு ஓட்டலாம் என்பதும் இந்த வரிசையில் வரும். சிந்தெடிக் சூட்டை நன்றாகத் தாங்கும், சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே இறங்கும் கரியும் ஈரமும் பெட்ரோலும் அதற்கும் உண்டு. வாரன்ட்டி உள்ள வண்டியில் மேனுவல் அளவைத் தாண்டினால், பிறகு எஞ்சின் வேலை வரும்போது கையில் பதில் இருக்காது.

சிவப்பு விளக்கும் ஒரு ரப்பர் வளையமும்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். மதுராந்தகம் ஏரி வருவதற்குள் கருகுகிற வாசனை. அடுத்த நிமிடம் மீட்டரில் சிவப்பு நிறத்தில் ஆயில் கேன் விளக்கு. ஓரமாக நிறுத்தி உடனே அணைத்துவிட்டேன். குனிந்து பார்த்தால் எஞ்சினுக்குக் கீழே தார் ரோட்டில் தேன் நிறத்தில் ஆயில் பரவிக்கொண்டிருந்தது, ஊற்றி இரண்டு மணி நேரம்கூட ஆகாத ஆயில். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றியிருந்தார்கள். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று நிற்காது. பிரஷர் வந்ததும் பிதுங்கிவிட்டது.

உடனே அணைத்ததால் எஞ்சின் பிழைத்தது. அந்த விளக்கை "ஆயில் மாத்த வேண்டிய நேரம்" என்று சொல்லும் நினைவூட்டலாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது ஆயில் பிரஷர் இல்லை என்கிற அபாய விளக்கு. அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றால், பங்க் வரும்போது எஞ்சின் இறுகி நின்று (சீஸ் ஆகி) போயிருக்கலாம்.

அன்றிலிருந்து ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நிற்கிறேன். ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் மாற்றச் சொல்கிறேன். பழைய ஃபில்டரில் அழுக்கு ஆயில் தங்கியிருக்கும், அதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. கழற்றிய ஃபில்டரைக் கையில் வாங்கி, ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். மாற்றியதும் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, கீழே டார்ச் அடித்துப் பார்ப்பது. டப்பாவின் சீலை என் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும். காலி டப்பாவை அங்கேயே வெட்டிவிடச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல கம்பெனியின் சேதமில்லாத காலி டப்பாவுக்கு பழைய சாமான் சந்தையில் கிராக்கி இருக்கிறது. அதில் போலி ஆயில் நிரம்பி இன்னொருவர் எஞ்சினுக்குப் போகும்.

வெள்ளம் சூழ்ந்த வண்டிக்கு மட்டும் மேலே சொன்ன எந்தக் கணக்கும் இல்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள் பாருங்கள், அதில்தான் பல எஞ்சின்கள் போயின. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் இழுத்துக்கொண்டு போய், ஆயிலை வடித்துப் பார்த்த பிறகுதான் மற்றது.

பெரியப்பா காருக்கு அன்றைக்கே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். ஃப்ளஷிங் (ரசாயனம் ஊற்றி உள்ளே கழுவுவது) வேண்டாம் என்று மெக்கானிக்கே சொன்னார். படிந்த சேறு மொத்தமாகப் பெயர்ந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைத்துவிடும் என்றார். அதற்குப் பதிலாக, இரண்டாயிரம் கிலோமீட்டரோ நான்கு மாதமோ, எது முதலில் வந்தாலும் இன்னொரு தடவை மாற்றச் சொன்னார். மாற்றினோம். வாரத்துக்கு ஒரு நாள் சமயபுரம் தாண்டி அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டிவிட்டு வருகிறார். அடுத்த தேதியை எப்படி நினைவு வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு அவரே வழி கண்டுபிடித்தார். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது எப்படியும் தவறுவதில்லை. அந்த வாரத்தில் ஒர்க்‌ஷாப்பில் கூட்டம் அலைமோதும் என்பதால், ஆவணிக் கடைசியிலேயே ஆயில் மாற்றிவிடுவது என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.