மொட்டைமாடியில் கோலமாவு: அடுக்குமாடிக்குச் சோலார் கொண்டுவர எல்லாரையும் சேர்ப்பது எப்படி

திருவொற்றியூரில் எங்கள் அடுக்குமாடியில் 24 வீடு. மாடியேறி வடக்கே பார்த்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து நான் இந்தப் பக்கத்து ஆள். 31 வருஷம் வயரிங் வேலை. கரியின் புழுதியைச் சுமந்த இந்த ஊரில் வெயிலிலிருந்தும் கரண்ட் எடுக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. எங்கள் மாடியில் இன்று 5 கிலோவாட் சோலார் பேனல் ஓடுகிறது. பேனலை மாட்ட மூன்று நாள் போதுமானதாக இருந்தது. ஆட்களைச் சேர்க்கத்தான் ஒன்றரை வருஷம் ஆனது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தடவை நான் செய்த தப்பு, சோலார் கம்பெனிக்காரரை முதலில் கூட்டிவந்தது. அவர் கிலோவாட், இன்வெர்ட்டர் என்று பேசிக்கொண்டே போனார். மூன்றாவது மாடி அண்ணி எழுந்து, "தளம் ஒழுகினா யார்பா பாக்குறது?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. கூட்டம் கலைந்தது. மறுபடி வாய் திறக்க எட்டு மாதம் ஆனது. கம்பெனிக்காரரைக் கடைசியில் கூப்பிடுங்கள்.

முதலில் எடுக்கவேண்டியது பொது மீட்டரின் பில். லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்ந்து எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 1,300 யூனிட் ஓடியது. பொது இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போகிறது. உங்களுடையது 10 வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத கட்டடம் என்றால் 2023-லிருந்து குறைந்த கட்டணம் உண்டு. அது உங்களுக்குப் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு வருஷத்து ஆறு பில்லையும் ஜெராக்ஸ் எடுத்து லிப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். நான் ஒட்டிய மறுநாள், அதுவரை என்னோடு பேசாத ஒருவர் வந்து, "இவ்ளோவா கட்றோம்?" என்றார்.

சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். இடம் சுமார் 100 சதுர அடி பிடிக்கும். ஐந்து கிலோவாட்டுக்கு நாளுக்கு 20 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,200. இந்தக் கணக்கு ஒரு தாளுக்குள் அடங்கவேண்டும்.

அடுத்து மின்வாரியப் பிரிவு அலுவலகம். அங்கே இருக்கும் ஏ.ஈ.யை, அதாவது உதவிப் பொறியாளரைப் பார்க்கும் முன் உங்கள் தெரு லைன்மேனைப் பாருங்கள். சோலார் என்றதும் அவருக்கு வருவது நியாயமான பயம்: லைனை ஆப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறும்போது, யாரோ ஒரு வீட்டுப் பேனல் கம்பிக்குள் கரண்ட்டைத் தள்ளினால்? அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் லைனோடு சேர்ந்த இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி), வெளிக் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடுகிறது. இதை லைன்மேனிடம் சொல்லுங்கள். அதே மூச்சில் குடியிருப்போரிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது நேர்மாறானது: கரண்ட் போனாலும் லிப்ட் ஓடும் என்று. பேட்டரி இல்லாமல் ஓடாது. பணம் வசூலித்த பிறகு இது தெரிந்தால் உங்களை ஏமாற்றுக்காரர் என்பார்கள். நான் பேனல் என்ற சொல்லுக்கு முன்னாலேயே இதைச் சொன்னேன்.

ஏ.ஈ.யிடம் இரண்டு கேள்வி போதும். உங்கள் பொது இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு? நாம் செலவழிக்காமல் வாரியத்தின் லைனுக்குப் போகும் யூனிட்டை பில்லில் எப்படிக் கழிப்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கழிக்கும் முறை எப்படி இருந்தாலும் நாமே பகலில் செலவழிக்கும் யூனிட்தான் முழு லாபம். எங்கள் பக்கம் மெட்ரோ தண்ணீர் விடியற்காலையில் சம்ப்புக்கு வரும். உடனே மோட்டார் போட்டு மேலே ஏற்றுவது வழக்கம். இப்போது வாட்ச்மேன் அண்ணன் பதினொரு மணிக்கு மேல்தான் ஏற்றுகிறார். பேச்சுவார்த்தையில் அவரையும் சேர்த்தே ஆகவேண்டும்.

வங்கி வேலை சுருக்கம்தான். சங்கம் பதிவாகி, கணக்கும் பான் கார்டும் சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். எங்களுக்கு 90,000. உள்நாட்டில் செய்த செல் உள்ள பேனலுக்குத்தான் அது கிடைக்கும். பேனல் ஓடத் தொடங்கிய பிறகே பணம் வரும், ஆகவே முழுத் தொகைக்கும் முதலில் வழி செய்யுங்கள். எங்களுக்கு ஆனது 3,20,000. சேமிப்பு போக மீதியை வீடுவீடாகப் பிரித்தோம். முடியாத மூன்று வீடுகளுக்கு மாதம் 500 ரூபாய்த் தவணை வைத்தோம்.

கடல் ஓரத்து ஆட்களுக்கு ஒன்று: காசிமேட்டுப் படகுப் பட்டறைக்குப் போய்வாருங்கள். உப்புக்காற்றும் புயலும் இரும்பை என்ன செய்யும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? எனக்குத் தெரிந்த ஒரு வெல்டர், முதலில் வந்த கம்பெனிக்காரரின் கொட்டேஷனைப் பார்த்து, "இந்த போல்ட்டு ரெண்டு மழைக்குத் தாங்காது, 316 ஸ்டீல் போடச் சொல்லு" என்றார். உப்புக்காற்றில் எளிதில் துருப்பிடிக்காத எவர்சில்வர் ரகம் அது. ஸ்டாண்டு முழுக்க, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு இருக்கவேண்டும். வெட்டிய இடத்திலும் துளை போட்ட இடத்திலும் பூச்சு போய்விடும் என்பதும் அவர் சொன்னதுதான். சென்னைக் கட்டடங்களுக்குக் கணக்கிடும் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 வர்தாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டாம். அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டதற்கு இன்ஜினியர் கையெழுத்துக் கேளுங்கள். தளத்தைத் துளைக்காமல் கான்கிரீட் கட்டையில் ஸ்டாண்டை நிறுத்தினால் ஒழுகல் பயம் போகும். ஆனால் அந்தக் கட்டையின் எடையைத் தளம் தாங்குமா என்பதையும் அதே இன்ஜினியர் எழுதித் தரவேண்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் கூட்டம். கீழே ஹாலில் வேண்டாம், மொட்டைமாடியிலேயே வையுங்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம், இரண்டாவது மாடி அக்காவும் அவர் மகளும் பேனல் வரப்போகும் இடத்தை அளந்து கோலமாவால் கோடு போட்டார்கள். ஒரு பேனல் சுமார் ஏழரை அடிக்குக் கால் குறைய நாலு அடி. மொத்தம் பத்துக் கட்டம், தெற்கு பார்த்து. அந்தக் கோட்டுக்கு வெளியே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தது. அண்ணி கேட்டது ஒன்றே: கருவாடும் வடகமும் எங்கே காயவைப்பது? மேற்கு வரிசையில் இருந்த இரண்டு கட்டத்தை அழித்துத் தண்ணீர்த்தொட்டிக்குத் தெற்கே நகர்த்தினோம். துணிக்கொடி கிழக்கே போனது. லைன்மேன் தம்பியும் வெல்டரும் வந்திருந்தார்கள். கேட்ட கேள்விக்கு அவரவரே பதில் சொன்னார்கள். 24 வீட்டில் 22 கையெழுத்து அன்றைக்கே விழுந்தது. மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள்.

இனி மூன்று கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கலாம். கோலத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒரே அளவுக்கு மூன்று விலை வந்தால்தான் ஒப்பிட முடியும்.

மாட்டி முடிந்தாலும் வாரியம் இருவழி மீட்டர் வைக்கும் வரை ஆன் செய்யாதீர்கள். பழைய மீட்டர்களில் சில, வெளியே போகும் கரண்டையும் நீங்கள் எரித்ததாகவே எண்ணிவிடும்.

கழுவும் வேலையையும் முன்னமே பேசிவையுங்கள். எங்கள் பக்கம் வாரம் ஒருமுறையாவது கழுவவேண்டும், அவ்வளவு தூசி படிகிறது. போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். மெட்ரோ தண்ணீர், மெல்லிய துணி, வெயில் ஏறுவதற்கு முன். படிக்கட்டு பெருக்கும் அம்மாவுக்கு இதற்குத் தனியாக மாதம் 600 ரூபாய் கொடுக்கிறோம். ஒவ்வொரு கழுவலுக்கும் தேதி போட்டு, அன்றைய யூனிட்டோடு லிப்ட் பக்கத்து நோட்டில் அவரே எழுதுகிறார்.